142 போட்டோ, 70 கம்பெனி: மியூசியம் மாட்ட மறுத்த டேட்டாசெட்

இன்னைக்கு எபிசோட் டேட்டாவைப் பற்றியது. ஆனா மாடல், டாஷ்போர்டு, டிரெய்னிங் எதுவும் இதுல வராது. 1971-ல நியூயார்க் நகரத்தில் ஒரு கலைஞர், அரசு அலுவலகப் பதிவேடுகளில் இருந்து எடுத்த விவரங்களை டைப் அடித்துச் சுவரில் மாட்ட நினைத்தார். அதுல கோஷம் கிடையாது, ஆபாசம் கிடையாது, யாரையும் திட்டின ஒரு வரி கூட கிடையாது. முகவரி, மனை அளவு, வாங்கிய தேதி, அடமானம், வரி மதிப்பீடு. இவ்வளவுதான் காலம்கள்.

அதுக்காக ஒரு பெரிய மியூசியம் அவருடைய கண்காட்சியையே ரத்து செய்தது. கலைஞருக்கு ஆதரவா நின்ன கியூரேட்டருக்கு வேலை போச்சு.

கலைஞர் பெயர் ஹான்ஸ் ஹாக்கே. மியூசியம், கூகன்ஹைம். வெறும் டேபிளுக்கு ஏன் இவ்வளவு பயம்? எல்லாருக்கும் திறந்து கிடக்கிற ஒரு தகவலைச் சுவரில் மாட்டினா அதுல புதுசா என்ன வந்துடுது? இந்த ரெண்டு கேள்விதான் இன்னைக்கு.

நான் டேட்டாபேஸை வைத்துப் பிழைக்கிற ஆள். அதனால கலை விமர்சகர் மாதிரிப் பேச மாட்டேன். இந்த மனுஷன் என்ன இன்புட் எடுத்தார், அதை என்ன பண்ணார், என்ன அவுட்புட் வந்தது, அந்த வரிசையில போகலாம்.

கண்ணாடிப் பெட்டியில் கொஞ்சம் தண்ணி

ஹாக்கே 1936-ல ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் பிறந்தவர். 1960-களின் நடுவில் நியூயார்க்கில் குடியேறினார். கூப்பர் யூனியன் கல்லூரியில் பல வருஷம் கலை சொல்லிக்கொடுத்தார்.

அவருடைய ஆரம்ப கால வேலைகளில் ரொம்பப் பிரபலமானது ஒரு கனசதுரப் பெட்டி. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். உள்ளே கொஞ்சம் தண்ணி ஊற்றி மூடிவிட்டார். அறையின் வெளிச்சமும் சூடும் கூடக்கூட உள்ளே நீர் ஆவியாகும், சுவரில் துளித்துளியாகப் படியும், கனம் கூடினதும் கோடு போட்டு இறங்கும். மறுபடி முதலில் இருந்து. பார்க்க வருகிறவர்களின் உடல் சூடு கூட அறையின் வெப்பநிலையை மாற்றும். அதனால அந்தப் பெட்டி ஒரு நிமிஷம் இருந்த மாதிரி அடுத்த நிமிஷம் இருக்காது.

அந்தச் சமயத்தில் கலை உலகத்தில் ‘சிஸ்டம்’ என்கிற சொல் பரவிக்கொண்டிருந்தது. ஜாக் பர்ன்ஹாம் என்ற விமர்சகர் 1968-ல ஆர்ட்ஃபோரம் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இனிமேல் கலையைப் பொருளாகப் பார்க்காமல், பொருள்களுக்கும் மனிதர்களுக்கும் சூழலுக்கும் நடுவில் ஓடுகிற உறவாகப் பார்க்கணும் என்பது அவருடைய வாதம். கான்செப்சுவல் ஆர்ட் வேகம் பிடித்த காலமும் அதுதான். அதில் யோசனைதான் படைப்பு. கையில் எடுத்த பொருள் இரண்டாம் பட்சம். நம்ம பாஷையில் சொன்னா, டிசைன் டாக்குமென்ட்தான் புராடக்ட்.

ஹாக்கே தண்ணியில் ஆரம்பித்து, புல் முளைக்கவிட்டு, கோழிக்குஞ்சு பொரிக்கவைத்து, கடைசியில் மனுஷங்ககிட்ட வந்தார். இயற்கை ஒரு சிஸ்டம், உயிர் ஒரு சிஸ்டம்னா, சமூகமும் ஒரு சிஸ்டம்தானே? அந்தப் பெட்டிக்குள் நடப்பதைக் காட்டின மாதிரி இதையும் காட்ட முடியுமா?

குண்டூசியும் டெலிபிரின்டரும்

1969-ல இரண்டு வேலைகள் செய்தார். முதலாவது ‘செய்தி’. ஒரு கண்காட்சி அறையில் டெலிபிரின்டர் இயந்திரத்தை வைத்தார். செய்தி நிறுவனத்தில் இருந்து வயர் வழியாக வருகிற செய்திகள் நேரடியாகக் காகிதத்தில் அடிபட்டு வெளியே வரும். பத்திரிகை ஆபீசில் இருக்க வேண்டிய மெஷின், வெள்ளைச் சுவர் கேலரியில். காகிதம் நீண்டு தரையில் குவிந்துகொண்டே போகும். அவர் ஒரு எழுத்தைக் கூட மாற்றவில்லை. தேர்ந்தெடுத்தது டேட்டா ஃபீடை, அது வந்து விழுகிற இடத்தை.

இரண்டாவது, நியூயார்க்கின் ஹோவர்ட் வைஸ் கேலரியில். சுவரில் வரைபடங்களை மாட்டி, வருகிறவர்கள் கையில் குண்டூசிகளைக் கொடுத்தார். பிறந்த ஊரில் சிவப்பு ஊசி. இப்போ குடியிருக்கிற இடத்தில் நீல ஊசி. கண்காட்சி முடியும்போது மாடர்ன் ஆர்ட் பார்க்க வருகிறவர்கள் நகரத்தில் எங்கே குவிந்திருக்கிறார்கள், எந்தப் பகுதி காலியாக இருக்கிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. இன்னைக்கு இதை ஹீட்மேப் என்போம். அவர் அதோடு நிற்கவில்லை. மன்ஹாட்டனில் நீல ஊசி விழுந்த இடங்களுக்குப் போய், அந்தக் கட்டடங்களை எல்லாம் போட்டோ எடுத்தார்.

இந்தக் கடைசி வரியை ஓரமா எழுதி வைங்க. பிறகு திரும்ப வருவோம்.

ஒரு கேள்வி, இரண்டு பெட்டி

1970-ல நியூயார்க்கின் மாடர்ன் ஆர்ட் மியூசியத்தில், அதாவது மோமாவில், ‘இன்ஃபர்மேஷன்’ என்றே பெயர் வைத்து ஒரு கண்காட்சி. கியூரேட்டர் கைனஸ்டன் மெக்ஷைன். ஹாக்கே அங்கே வைத்தது ஒளி ஊடுருவும் இரண்டு வாக்குப் பெட்டிகள். மேலே ஒரு கேள்வி.

அப்போ நியூயார்க் மாநில கவர்னர் நெல்சன் ராக்ஃபெல்லர். அந்த வருஷம் நவம்பரில் மறுபடியும் தேர்தலில் நிற்கிறார். அதே சமயம் மோமாவின் அறங்காவலர் குழுவிலும் இருக்கிறார். அவருடைய அம்மா அந்த மியூசியத்தைத் தொடங்கினவர்களில் ஒருவர். வியட்நாம் போர் கம்போடியா வரைக்கும் விரிந்து அமெரிக்கக் கல்லூரிகள் கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஹாக்கேயின் கேள்வியின் சாரம் இது: அதிபர் நிக்சனின் இந்தோசீனக் கொள்கையைக் கவர்னர் கண்டிக்கவில்லை, அந்தக் காரணத்துக்காக அவருக்கு ஓட்டுப் போடாமல் இருப்பீங்களா? ஆமாம் என்றால் இடது பெட்டி, இல்லை என்றால் வலது பெட்டி.

ஆமாம் பெட்டியில் 25,566 ஓட்டு. இல்லை பெட்டியில் 11,563. சதவீதத்தில் கிட்டத்தட்ட 69-க்கு 31.

சர்வே டிசைன் படித்தவர்கள் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். கேள்வியே ஒரு பக்கம் சாய்ந்து நிற்குது. எதிர்மறைக்குள் எதிர்மறை. சாம்பிளோ, மியூசியத்துக்கு டிக்கெட் எடுத்து வந்தவர்கள் மட்டும். இதை வைத்து நியூயார்க் மாநிலம் என்ன நினைக்குதுனு சொல்லவே முடியாது. நவம்பரில் ராக்ஃபெல்லர் ஜெயிக்கவும் செய்தார்.

ஆனா இங்க அளக்கப்பட்டது மாநிலம்தானா? அந்தப் பெட்டிகள் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் பணத்தில் வளர்ந்த கட்டடத்துக்குள் இருந்தன. ஒவ்வொரு சீட்டு விழும்போதும், கலை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று சொல்லிக்கொள்கிற ஒரு இடத்துக்குள் அரசியல் ஏற்கெனவே குடியிருக்கிறது என்பது உள்ளே இருப்பதைக் காட்டும் பெட்டியில் உயர்ந்துகொண்டே போனது. மக்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை விட, அந்தக் கேள்வியை அந்தக் கட்டடத்தில் கேட்க முடிந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதே வருஷம் நியூயார்க்கின் யூத மியூசியத்தில் ஜாக் பர்ன்ஹாம் ஒரு கண்காட்சி நடத்தினார். பெயர் என்ன தெரியுமா? ‘சாஃப்ட்வேர்’. 1970-ல! பார்வையாளர்களிடம் கேள்வி கேட்டு, பதில்களை ஒரு பிடிபி-8 கம்ப்யூட்டர் உடனுக்குடன் கணக்குப் போட்டுக் காட்டும் என்பது ஹாக்கேயின் திட்டம். கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. டெமோ நாளில் சிஸ்டம் காலை வாருகிற பாரம்பரியம் நம்ம தொழிலில் எவ்வளவு பழையதுனு இதுல இருந்து தெரிஞ்சுக்கலாம்.

பதிவேட்டு அறையில் ஒரு ஜாயின்

இப்போ முக்கியமான கதைக்கு வருவோம். 1971 ஏப்ரல் கடைசியில் கூகன்ஹைம் மியூசியத்தில் ஹாக்கேக்குத் தனிக் கண்காட்சி என்று முடிவாகியிருந்தது. முப்பத்தஞ்சு வயசை நெருங்குகிற கலைஞருக்கு அது பெரிய வாய்ப்பு. அதற்காக அவர் தயாரித்த வேலைகளில் ஒன்றின் தலைப்பை அப்படியே தமிழில் சொன்னால்: ‘ஷபோல்ஸ்கியும் மற்றவர்களும்: மன்ஹாட்டன் நிலச் சொத்துகள், ஒரு நிகழ்நேர சமூக சிஸ்டம், 1971 மே 1 நிலவரப்படி’.

தலைப்பே ஆடிட் ரிப்போர்ட் மாதிரி இருக்கு இல்லையா? வேணும்னே அப்படி வைத்தது.

நியூயார்க்கில் ஒவ்வொரு மனைக்கும் பிளாக் எண், லாட் எண் என்று உண்டு. நமக்கு சர்வே நம்பர் மாதிரி. யார் யாரிடம் வாங்கினார்கள், யாரிடம் அடமானம் வைத்தார்கள் என்பதெல்லாம் அரசு அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ரகசியம் எதுவும் கிடையாது.

ஆனா அங்க போய் ஒரு கட்டடத்தின் ஓனர் யாருனு பார்த்தா, ஒரு கம்பெனி பெயர் இருக்கும். பக்கத்துக் கட்டடத்துக்கு வேற கம்பெனி. அடுத்த தெருவில் இன்னொன்று. ஒவ்வொரு பதிவும் தனித்தனியாக, சட்டப்படி சரியாக, எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

ஹாக்கே செய்தது, நம்ம பாஷையில் ஒரு ஜாயின். கம்பெனியின் பெயரில் நிறுத்தாமல், அந்தக் கம்பெனியின் அதிகாரிகள் யார் என்று பார்த்தார். அதே ஆட்கள் வேற எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள்? அந்தக் கம்பெனிக்கு எந்தக் கட்டடம்? அதை யாரிடம் இருந்து வாங்கியிருக்கிறார்கள், யாரிடம் அடமானம் வைத்திருக்கிறார்கள்? இப்படி ஒன்றைப் பிடித்து இன்னொன்றுக்குப் போனால், தனித்தனியாகத் தெரிந்த சுமார் 70 கம்பெனிகளும் ஹாரி ஷபோல்ஸ்கி என்ற ரியல் எஸ்டேட் முதலாளியையும் அவருடைய உறவினர்கள், கூட்டாளிகளையும் சுற்றி வந்து நின்றன. சொத்துகள் அவர்களுக்குள்ளேயே கைமாறின. அடமானங்களும் அவர்களுக்குள்ளேயே. இதனால் வரியில் ஆதாயம் இருந்தது. யார் உண்மையான உரிமையாளர் என்பதும் வெளியே தெரியாது.

இன்னைக்கு இதை நாலு டேபிள், மூணு ஜாயின், ஒரு குரூப் பை போட்டு மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடலாம். அவருக்கு இருந்தது பேப்பர், டைப்ரைட்டர், கேமரா.

சுவரில் எப்படி வந்தது? 142 கறுப்பு வெள்ளைப் போட்டோக்கள். தெருவில் நின்று எடுத்த கட்டட முகப்புகள், சில காலி மனைகள். ஒவ்வொரு போட்டோவுடனும் டைப் அடித்த ஒரு தாள்: முகவரி, பிளாக் எண், லாட் எண், மனை அளவு, கட்டட வகை, உரிமையாளர் கம்பெனி, அதன் அதிகாரிகள், வாங்கிய தேதி, முந்தைய உரிமையாளர், அடமானம், வரி மதிப்பீடு. கூடவே லோயர் ஈஸ்ட் சைடு பகுதிக்கும் ஹார்லெம் பகுதிக்கும் ஒவ்வொரு வரைபடம். யாரோடு யார் எப்படி இணைகிறார்கள் என்று காட்டும் சார்ட்டுகள்.

போட்டோவில் அழகு தேட வேண்டாம். வெளிச்சம் பார்த்து, கோணம் பார்த்து எடுத்த படங்கள் கிடையாது. அடையாள அட்டைக்கு எடுக்கிற மாதிரி, ஒரே பாணியில், ஒன்றன்பின் ஒன்றாக. அவர் எங்கேயும் ‘பாருங்கள் அநியாயத்தை’ என்று எழுதவில்லை. ஒரு பெயரடை கூட இல்லை. படிக்கிற நீங்கதான் ஒரு தாளில் பார்த்த பெயரை பன்னிரண்டாவது தாளில் மறுபடி பார்ப்பீங்க. அப்போ உங்க தலைக்குள் ஒரு கோடு விழும். அந்தக் கோடுதான் படைப்பு.

டைரக்டர் சொன்ன காரணம்

கூகன்ஹைம் டைரக்டர் தாமஸ் மெஸ்ஸர் மறுத்தார். சட்டச் சிக்கல் வரலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணமாக அவர் வைத்தது மியூசியத்தின் கொள்கை: சமூக, அரசியல் நோக்கத்துக்காக நேரடியாகக் களமிறங்குவது மியூசியத்தின் வேலை அல்ல. பொதுவாக ஒரு பிரச்சினையைச் சுட்டுகிற கலை என்றால் சரி, ஆனால் பெயரையும் முகவரியையும் சொல்லிக் குறிப்பிட்ட ஆளைக் காட்டுவது கலையின் எல்லைக்குள் வராது என்கிற பார்வை. ரியல் எஸ்டேட் வேலைகள் மட்டும் இல்லை, மியூசியத்துக்கு வருகிறவர்களிடம் அவர்களைப் பற்றியும் அவர்கள் கருத்தைப் பற்றியும் கேட்கிற சர்வேயும் பிரச்சினையில் சேர்ந்தது.

ஹாக்கே அந்த வேலைகளை விலக்க மறுத்தார். திறப்பு விழாவுக்குச் சில வாரங்களே இருந்தபோது கண்காட்சி ரத்தானது. அதை ஏற்பாடு செய்த கியூரேட்டர் எட்வர்ட் ஃப்ரை, கலைஞர் பக்கம் வெளிப்படையாக நின்றார். வேலையில் இருந்து நீக்கப்பட்டார். நிறைய கலைஞர்கள் கண்டனம் தெரிவித்தார்கள்.

மெஸ்ஸரை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். ஆனா அவருடைய வாதத்தைக் கொஞ்சம் நிதானமா கேட்டா, அதுல ஒரு உண்மையான ஒப்புதல் இருக்கு. ஹார்லெமில் ஏழைகள் மோசமான வீடுகளில் இருக்கிறார்கள் என்று ஒருவர் ஓவியம் வரைந்திருந்தால் மியூசியம் மாட்டியிருக்கும். எல்லாரும் வருத்தப்பட்டுவிட்டு காபி குடிக்கப் போயிருப்பார்கள். அந்த வீடுகள் யார் பெயரில் இருக்கின்றன என்று சொன்னதும்தான் அது கலை இல்லாமல் போகிறது. துயரத்தைக் காட்டலாம், உரிமையாளர் காலத்தைக் காட்டக்கூடாது. எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதை அந்த டேட்டாசெட்டே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது.

இங்க ஒரு தவறான கதையையும் தெளிவுபடுத்தணும். ‘கூகன்ஹைம் அறங்காவலர்களுக்கும் ஷபோல்ஸ்கி சொத்துகளுக்கும் தொடர்பு இருந்தது, அதான் நிறுத்தினாங்க’ என்று நிறைய பேர் சொல்வார்கள். கேட்க நல்லா இருக்கும். ஆனா அப்படி ஒரு தொடர்புக்கு ஆதாரம் கிடையாது. எனக்கு அதனாலேயே இந்தக் கதை இன்னும் கனமாகத் தெரியுது. தனிப்பட்ட லாப நஷ்டம் எதுவும் இல்லாமலேயே ஒரு நிறுவனம் கை நடுங்கியது.

ஹாக்கே பதில் சொன்ன விதம்? இன்னொரு டேட்டாசெட். 1974-ல கூகன்ஹைமின் அறங்காவலர்கள் யார் யார், அவர்கள் எந்தெந்தக் கம்பெனியில் பதவியில் இருக்கிறார்கள் என்று ஏழு பலகைகளில் பட்டியல் போட்டார். அதில் சிலருக்குக் கென்னகாட் என்ற தாமிரச் சுரங்க நிறுவனத்தில் பதவி இருந்தது. சிலியில் இருந்த அதன் சுரங்கத்தை 1971-ல அயெந்தே அரசு நாட்டுடமை ஆக்கியது. 1973 செப்டம்பர் 11-ல ராணுவக் கவிழ்ப்பில் அந்த அரசு வீழ்ந்தது. ஹாக்கே தன் வார்த்தையில் எந்தக் குற்றச்சாட்டும் எழுதவில்லை. பெயர், பதவி, கம்பெனி. இதுவும் திறந்து கிடந்த தகவல்தான்.

போட்டோவில் யார் இல்லை?

சரி, இதனால் அந்த வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு என்ன ஆச்சு? இதைக் கேட்காமல் ஹாக்கேயைக் கொண்டாடிவிட்டுப் போனா நியாயமா இருக்காது.

அந்த 142 படங்களைப் பார்த்தால் நமக்குத் தெரிவது கட்டட முகப்பு. உள்ளே இருக்கிற ஆட்கள் தெரிவதில்லை. அந்தப் பகுதிகளில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினரும். வாடகை எவ்வளவு கொடுத்தார்கள், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடியதா, யாரை எப்போது காலி பண்ணச் சொன்னார்கள், இதெல்லாம் அந்தத் தாளில் காலமாக இல்லை. பதிவேட்டுக்கு உரிமையாளரைத்தான் தெரியும், வாடகைக்காரரைத் தெரியாது. பதிவேட்டில் இல்லாதது படைப்பிலும் இல்லை.

இதை நான் குறை என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஏழ்மையைப் போட்டோ எடுத்துக் காட்சிப்படுத்துகிற பழக்கத்துக்கு ஹாக்கே போகாதது நல்ல முடிவு. பார்வையை வீட்டுக்குள் இருப்பவர் மேல் வைக்காமல் வீட்டை வைத்திருப்பவர் மேல் வைத்தார். ஆனாலும் டேட்டாவில் வேலை செய்கிற எல்லாருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கு. சோர்ஸ் யாரை எண்ணாமல் விட்டதோ, அவர்களை எவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஜாயினும் கொண்டு வராது.

இன்னொன்று. 2007-ல நியூயார்க்கின் விட்னி மியூசியமும் பார்சிலோனாவின் சமகாலக் கலை மியூசியமும் சேர்ந்து இந்தப் படைப்பை வாங்கின. ஒரு மியூசியம் உள்ளே விட மறுத்த டேபிள், வேறு மியூசியங்களின் சொத்தாகிவிட்டது. அதற்கும் இப்போ ஒரு உரிமையாளர், ஒரு வாங்கிய தேதி, ஒரு முந்தைய உரிமையாளர் உண்டு. ஹாக்கேக்கே ஒரு தாள் டைப் அடித்து மாட்டலாம்.

அதே கை, வேறு அலமாரி

ஹாக்கேக்குப் பிறகு இந்தப் பாதையில் வந்தவர்களில் இருவரை மட்டும் சொல்றேன்.

மார்க் லொம்பார்டி. இவர் அமெரிக்காக்காரர். செய்தித்தாள், புத்தகம் என்று ஏற்கெனவே அச்சில் வந்த தகவல்களை மட்டும் எடுத்து, 14,000-க்கும் மேற்பட்ட அட்டைகளில் கையால் எழுதி வைத்தார். அதில் இருந்து வங்கி ஊழல்களையும் அரசியல் பணப்போக்கையும் பென்சிலால் பெரிய பெரிய வளைகோட்டு வரைபடங்களாக வரைந்தார். அதில் ஒன்று பிசிசிஐ பற்றியது. நம்ம கிரிக்கெட் வாரியம் இல்லைங்க. 1991-ல மூடப்பட்ட பேங்க் ஆஃப் கிரெடிட் அண்ட் காமர்ஸ் இன்டர்நேஷனல். லொம்பார்டி 2000-ல இறந்துவிட்டார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, விட்னி மியூசியத்தில் இருந்த அந்த வரைபடத்தைப் பார்க்கணும் என்று எஃப்பிஐ அதிகாரி ஒருவர் கேட்டுவந்தார். உளவுத்துறைக்கே ஒரு ஓவியம் ரெஃபரன்ஸ்.

இன்னொருவர் மிமி ஒனுவோஹா. 2016-ல ‘காணாமல் போன டேட்டாசெட்களின் நூலகம்’ என்று ஒரு வேலை செய்தார். ஆபீசில் இருக்கிற ஃபைல் கேபினட். உள்ளே வரிசையாக ஃபைல்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு டேட்டாசெட்டின் பெயர். எடுத்துத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. யாரோ சேகரித்திருக்க வேண்டும், ஆனால் யாரும் சேகரிக்காத டேட்டா. ஹாக்கேயின் தாளில் வாடகைக்காரர் காலம் இல்லை என்று சொன்னேனே, அந்தக் காலி இடத்தையே ஒனுவோஹா கேபினட்டில் அடுக்கி வைத்துவிட்டார்.

நீல ஊசிக்கு வருவோம்

நடுவில் ஒரு விஷயத்தை ஓரமா எழுதி வைக்கச் சொன்னேன். கேலரிக்கு வந்தவர்கள் குத்திய நீல ஊசியைப் பின்தொடர்ந்து ஹாக்கே அந்தக் கட்டடங்களைப் போட்டோ எடுத்தார் என்று. இன்னைக்குக் கேட்டா உங்களுக்குக் கொஞ்சம் நெருடும். எனக்கும் நெருடுது. ஒரு ஆப் இதைச் செய்தா நாம சும்மா இருப்போமா?

யோசிச்சுப் பார்த்தா குண்டூசி வேலையும் ஷபோல்ஸ்கி வேலையும் ஒரே டெக்னிக். ஒரு முகவரி, ஒரு போட்டோ, ஒரு பட்டியல். வித்தியாசம், அது யாரை நோக்கித் திரும்புது என்பதில். ஒரு பக்கம் கலை பார்க்க வந்த தனிமனிதர்கள். இன்னொரு பக்கம் 70 கம்பெனிகளுக்குப் பின்னால் நிற்கிற முதலாளி. முதல் டேட்டா மியூசியத்துக்கு வருகிற வர்க்கத்தைக் காட்டியது, சரி. ஆனா இரண்டாவது மட்டும்தான் மியூசியத்தைப் பயமுறுத்தியது.

இந்த ஐம்பது சொச்ச வருஷத்தில் என்ன மாறியிருக்கு? நம்ம மேல ஜாயின் போடுவது ரொம்ப மலிவாகிவிட்டது. ஒரு போன் நம்பர் கிடைச்சா, நாம எங்கே சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு வண்டி புக் பண்ணோம், எந்த மாசம் இஎம்ஐ தவறினோம் என்பதையெல்லாம் ஒரே வரிசையில் கொண்டு வந்துவிடலாம். இந்த மாதிரிக் கோடு எழுதுவது என் தொழில். அதற்கு எவ்வளவு குறைவான உழைப்பு வேணும்னு எனக்குத் தெரியும். அதே சமயம் ஒரு கட்டடத்தின் உண்மையான உரிமையாளர் யார், ஒரு கம்பெனிக்குப் பின்னால் யார் என்று தேடினால், இன்னைக்கும் ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப், கேப்ட்சா, அரைகுறைத் தேடல் பெட்டி. தகவல் பொதுவில்தான் இருக்கும். ஆனா ஒன்று சேர்க்க முடியாதபடி சிதறிக் கிடக்கும்.

‘இதெல்லாம் பப்ளிக் டேட்டாதானே’ என்று யாராவது சொன்னா, ஹாக்கேயை நினைச்சுக்கோங்க. அவர் ஒரு ரகசியத்தையும் வெளியிடவில்லை, ஒரு எண்ணைக் கூட மாற்றவில்லை. சிதறிக் கிடந்ததைச் சேர்த்து, ஆள் வந்து நிற்கிற இடத்தில், கண் மட்டத்தில் மாட்டினார். அந்த இடமாற்றத்தைத் தாங்க முடியாமல்தான் ஒரு மியூசியம் தன் கதவை மூடியது. பொதுவில் இருப்பதற்கும் பார்வைக்கு வருவதற்கும் நடுவில் ஒரு உழைப்பு இருக்கு. யார் மேல் அந்த உழைப்பைப் போடுகிறோம் என்பது டெக்னிகல் முடிவு கிடையாது.

ஹாக்கே அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. 1986-லயும், மறுபடி 2019-லயும் நியூயார்க்கின் நியூ மியூசியம் அவருக்குப் பெரிய கண்காட்சிகள் வைத்தது. விட்னி மியூசியத்தின் இணையதளத்தில் ஷபோல்ஸ்கி வேலையின் படங்கள் இருக்கு. போய் ஒரு பத்து தாளாவது பொறுமையா படிச்சுப் பாருங்க. எந்தத் தாளில் உங்களுக்கு அந்தக் கோடு விழுந்ததுனு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.